வாசலில் விரித்த கப்பல் புல்

எங்கள் தெருவில் முதன்முதலாகப் பிளாஸ்டிக் புல் விரித்த வீடு எங்களுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அதே புல்லை இரண்டு தடவை விரித்த வீடும் எங்களுடையதுதான். முதல் தடவை என் பேச்சைக் கேட்டு விரித்தேன். இரண்டாவது தடவை மற்றவர்கள் பேச்சைக் கேட்டு விரித்தேன். இடையில் நடந்ததை இன்றைக்கும் என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் சொன்னால் என் மானம் கொஞ்சம் கூடுதலாகவே போய்விடுகிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

இராஜபாளையத்தில் அந்த வீட்டை எண்பதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில் வாங்கினோம். அப்போது தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் கேட்டுக்குள் போக வேண்டும். கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் இருபத்தைந்து அடிக்கு மண் வாசல். பிறகு தெருவுக்கு ஜல்லி கொட்டித் தார் போட்டார்கள். அந்தத் தார் பெயர்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு தார். ஒவ்வொரு தடவையும் தெரு ஒரு சாண் உயர்ந்தது, வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. நாலைந்து வருஷத்தில் படி இரண்டும் புதைந்துபோய், தெருவிலிருந்து வாசலுக்குள் இறங்க வேண்டியதாகிவிட்டது. மேற்கே மலையில் மேகம் கவிந்தால் போதும், தெருத் தண்ணீர் பூராவும் எங்களைத் தேடி வந்துவிடும். வந்த தண்ணீருக்குத் திரும்பிப் போகத் தெரியாது.

வேறு வீடாக இருந்தால் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். என் மனைவிக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரும்புக் காலிப்பர், அதோடு சேர்த்துத் தைத்த தோல் பூட்ஸ், வலது கையில் ஒரு தடி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் அவளைப் பெண் பார்க்கப் போனபோது காபித் தட்டை வேறு யாரோ கொண்டுவந்தார்கள். அவள் பின்னாலேயே நடந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "நான் எங்கயும் நடந்து வந்துருவேன். செத்த நேரம் ஆகும், அம்புட்டுதான்" என்றாள். பெண் பார்க்க வந்தவனிடம் கெஞ்சலோ கூச்சமோ இல்லாமல் இப்படி ஒருத்தி பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. ஆனால் எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. செத்த நேரம் பொறுக்கிற பழக்கத்தை அவளிடம்தான் படித்தேன், அதுவும் அரைகுறையாகத்தான்.

அவள் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருந்தாள். காலையில் நான் வண்டியில் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் ஆட்டோவில் வருவாள். நான் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் துணி பார்த்து எடுக்கிற ஆள். தறியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்ல வேண்டும். அந்த வேலை மனிதனைக் கெடுத்துவிடும். எதைப் பார்த்தாலும் குறை கண்ணில் பட ஆரம்பித்துவிடும், நம்முடைய குறையைத் தவிர.

ஒரு கார்த்திகை மாதம், மழை நின்று இரண்டு நாள் கழித்து, அவள் வாசலில் வழுக்கி விழுந்தாள். சகதி காய்ந்த மாதிரி மேலே தெரிந்தது, அடியில் காயவில்லை. தடி ஒரு பக்கம் போக, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துபோயிற்று. ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்க தேறும்னு சொன்ன துணியாத்தான் இருக்கும், கொசகொசன்னு இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே ஆள் கூப்பிட்டு வாசல் முழுக்கச் சிமெண்டு போட்டேன்.

சிமெண்டு போட்டது சகதியைவிட மோசமாகப் போயிற்று. தண்ணீர் தேங்கித் தேங்கிப் பச்சைப் பாசி பிடித்தது. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்தேன், பிளீச்சிங் பவுடர் கொட்டினேன். பவுடர் பட்டு அவளுடைய பூட்ஸ் தோல் வெடித்தது, காலிப்பரில் துரு ஏறியது. பாசி மட்டும் அசையவில்லை. அதற்குப் பிறகு மழை பெய்த நாட்களில் நான்தான் அவளைத் தோளோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கும் படிக்கும் நடந்தேன். காலையில் வீட்டிலிருந்து கேட்டுக்கு, சாயங்காலம் கேட்டிலிருந்து வீட்டுக்கு. ஐப்பசி பிறந்தால் எனக்கு இது ஒரு வேலை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. பொண்டாட்டியை இப்படித் தாங்குகிறவன் இந்தத் தெருவில் எவன் இருக்கிறான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

அவளுக்குப் பிடிக்கவில்லை. முதல் வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் மழை ஆரம்பித்ததும் இன்ஸ்டிடியூட்டுக்கு லீவு போட்டாள். ஒரு நாள் இரண்டு நாள் போய், மாதக் கணக்காயிற்று. அதற்கடுத்த வருஷம் மழைக்கு முந்தியே பெட்டியைக் கட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே வாசல் கல் பாவியது, மழை பெய்தாலும் ஈரம் நிற்காது. தெருவில் எங்களுக்குள் சண்டை என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த வீட்டு அக்கா ஒருநாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "தம்பி, நீங்க போய்க் கூப்பிட்டா வந்துரும். ஆம்பளைக்கு இம்புட்டு ரோசம் ஆகாது" என்று எனக்குப் புத்தி சொன்னார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னைத் திட்ட வேண்டியிருந்தால் மட்டும் நல்ல தமிழில் திட்டுவார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்த்தான் கேட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கிப் போனபோது அவள் அந்தக் கல் வாசலில், தூறல் விழுந்துகொண்டிருக்கும்போதே, கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு துணியாக உருவித் தோளில் போட்டபடி நடந்தாள். யாரும் கூட நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும், "நான் வரலைன்னு சொல்லலை. அந்த வாசலை நான் நடந்து தாண்டுற மாதிரி ஆக்குங்க, வாரேன். தூக்கிட்டுப் போறதா இருந்தா என்னையத் தூக்காதீக" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். திரும்பி வந்து பஸ் ஏறினேன்.

இராஜபாளையம் பஜாரில் என் சிநேகிதன் ஒருவனுக்குக் கடை இருந்தது. குடை, டார்ச் லைட், பாரின் சோப்பு, பாரின் சென்ட். அவன் முஸ்லிம், நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே மாமன் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். தூத்துக்குடியில் கப்பலில் கழித்துப்போட்ட சாமான்களை மொத்தமாக எடுத்துவந்து விற்பான். அவனிடம் என் வாசல் கதையைச் சொல்லிப் புலம்பியபோது, கடைக்குப் பின்னாலிருந்து பாய் மாதிரிச் சுருட்டிய ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். பிரித்தால் பச்சைப் பசேல் என்று புல். கப்பலில் மேல்தளத்தில் விரித்திருந்ததாம்.

"மாப்ள, கடல் தண்ணியிலயும் மழையிலயும் கிடந்த சாமான் இது. மேல நடந்தவன் எவனும் வழுக்கிக் கடல்ல விழலை. செருப்பக் கழத்திட்டு ஏறி நின்னு பாரு" என்றான்.

ஏறி நின்றேன். உள்ளங்காலில் குறுகுறு என்று பிடித்தது. ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றச் சொன்னான். ஊற்றினேன். பின்பக்கம் கறுப்பு ரப்பரில் வரிசையாகத் துளைகள். தண்ணீர் மேலே ஒரு சொட்டு நிற்காமல் இறங்கி அவன் கடைத் தரையெல்லாம் ஓடி, சோப்புப் பெட்டிகளை நனைத்தது. அவன் பதறிப்போய்ப் பெட்டிகளைத் தூக்கினான், நான் புல்லைத் தூக்கினேன். நாலு சுருள். மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சுருளை அப்படியே சிமெண்டு மேல் விரித்துவிடலாம் என்பது என் எண்ணம். நல்ல வேளையாக ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் கேட்டருகே நின்று வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, புல்லு கிடக்கட்டும். அது வழியா இறங்குற தண்ணி எங்க போகும்? அதுக்கொரு வழி வேணும்லா" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. கப்பலில் இறங்குகிற தண்ணீருக்குக் கடல் இருக்கிறது, என் வாசலில் என்ன இருக்கிறது?

அவர் சொன்னபடி சிமெண்டைக் கொத்தி எடுத்து ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டினோம். தெருத் தண்ணீர் உள்ளே வராமல் கேட்டடியில் இருபுறமும் சரிவாக ஒரு மேடு. அடி மண்ணை நன்றாக இடித்து, வீட்டைவிட்டு விலகி வடக்கு மூலைக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுத்தார். வாட்டம் பார்க்க அவரிடம் ஒரு டியூப் இருந்தது. அதில் தண்ணீரை நிரப்பி ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையை அவர் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து மண்ணைச் செதுக்கினார். மூலையிலிருந்து துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் பைப். அந்தப் பைப் போய் விழுகிற இடம்தான் கேள்வியாக இருந்தது. தெரு உயரம், அந்தப் பக்கம் போகாது. பள்ளமாக இருந்தது அடுத்த வீட்டு அக்காவின் தென்னந்தோப்பு மட்டும்தான். தோப்பு என்றால் ஆறு மரம். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்காவோ, "தென்னைக்குத் தண்ணி வேண்டாம்னு யாராச்சும் சொல்லுவாகளா தம்பி? சுவரை ஓட்டை போட்டுக்கிடுங்க" என்றுவிட்டார்.

பைப்பைச் சுற்றிப் பெரிய ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் மணல், கடைசியில் புல். இதுதான் கொத்தனாரின் கணக்கு. என் மூளை சும்மா இருக்குமா? மணல் கொஞ்சம் கொஞ்சமாக ஜல்லிக்குள் இறங்கிப் பைப்பை அடைத்துவிடும் என்று எனக்குப் பட்டது. வடிகட்ட ஒன்று வேண்டும். வடிகட்டுகிறதற்கு எங்கள் ஊர்த் துணியை விட்டால் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? கண் கண்ணாக நெய்த மெல்லிய துணி, தண்ணீர் போகும், மணல் போகாது. கம்பெனியில் நான் தேறாது என்று ஒதுக்கிய பீஸ்கள் மூலையில் குவிந்து கிடந்தன. கேட்டு வாங்கி வந்தேன்.

"துணி எதுக்கு அண்ணாச்சி? கல்லே வடிகட்டிக்கிடும்" என்றார் கொத்தனார்.

"எனக்குத் துணியப் பத்தியா சொல்லுதீரு? பதினஞ்சு வருசமா அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். நீரு கல்லப் பாரும்" என்றேன். அவர் ஒதுங்கி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டார். நான் மண்டி போட்டு, சின்ன ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக நாலு மடிப்புத் துணியை ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்தேன். பைப்புக்கும் சுற்றிக் கட்டினேன். உடைந்த காலுக்குக்கூட யாரும் அவ்வளவு பதவிசாகக் கட்டுப் போட்டிருக்க மாட்டார்கள்.

அவள் வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பச்சையைப் பார்த்தபோது அவள் முகத்தில் வந்த சிரிப்பை எழுத எனக்குத் தெரியாது. "மாடு மேய வந்தா என்ன செய்வீக?" என்று மட்டும் கேட்டாள். தடியை முன்னால் ஊன்றி அழுத்திப் பார்த்தாள். பூட்ஸை வைத்தாள். பிறகு நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள், ஆனால் ஓரிடத்திலும் நிற்கவில்லை. மறுநாள் மாடு வரவில்லை, எதிர்வீட்டு ஆடு வந்தது. இரண்டு வாய் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டாயே என்கிற மாதிரி என்னை முறைத்துவிட்டுப் போயிற்று.

ஒன்றரை மாதம் ராஜ வாழ்க்கை. காலையும் சாயங்காலமும் அவள் தானாக நடந்து போனாள், தானாக நடந்து வந்தாள். அங்கங்கே ஒரு தூறல், ஒரு சின்ன மழை. தண்ணீர் இறங்கிவிட்டது. நான் நண்பனிடம் போய்ப் பெருமையடித்தேன், கம்பெனியில் பெருமையடித்தேன், கொத்தனாரைப் பஜாரில் பார்த்தபோது அவரிடமே பெருமையடித்தேன். வாசலில் ஏதோ ஒரு வாடை இருந்தது. பூனை எதையாவது கொண்டுவந்து போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை உண்மையாகவே ஆரம்பித்தது. இரண்டு நாள் விடாத மழை. இரண்டாம் நாள் மத்தியானம் கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டதால் நான் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, கேட்டுக்குள் காலை வைத்தேன். புல் அசைந்தது. அடியில் தண்ணீர் நிறைந்து, புல் முழுவதும் மேலே மிதந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கம் எழும்பியது. நடுவில் காலை வைத்தபோது கணுக்கால் வரை புதைந்தது. அடுத்த வீட்டிலிருந்து அக்கா குடையோடு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "தம்பி, தென்னை காத்துக்கிட்டிருக்கு. உங்க வீட்டுத் தண்ணி இன்னும் வந்து சேரலையே" என்றார்.

நான் கையால் தண்ணீரை இறைக்க ஆரம்பிப்பதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. அவள் இறங்கினாள். கேட்டடி மேட்டில் நின்றுகொண்டு தடியைப் புல்லில் ஊன்றினாள். தடி ஒரு சாண் உள்ளே போயிற்று. எடுத்துக்கொண்டாள். இன்னோர் இடத்தில் ஊன்றிப் பார்த்தாள், அங்கேயும் அப்படித்தான். ஆட்டோ போய்விட்டது, மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இரு, நான் வாரேன்" என்று கையை நீட்டினேன்.

"வேண்டாம்."

"நனையிறியே. எம்புட்டு நேரம் அங்கனயே நிப்பே?"

அவள் குடையைப் பிடித்தபடி, கேட்டில் சாய்ந்துகொண்டு, அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம் இருக்கும். எனக்கு அது பத்து வருஷம். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அந்த வாசல் மேலும் இல்லை, யார் மேல் என்று அப்போது புரியவில்லை. கடைசியில் குடையை மடக்கினாள். "வாங்க" என்றாள். நான் போய்த் தூக்கினேன். இரண்டு பேருமாகக் கணுக்கால் தண்ணீரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அழுதாளா என்று தெரியாது. மழையில் எது கண்ணீர் என்று யார் கண்டது?

இரவில் சாப்பிட உட்கார்ந்தோம். ரசத்தை ஊற்றும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "வாசல்ல புளிச்ச கஞ்சி வாடை அடிக்கு. ஒரு மாசமாவே அடிக்கு. நீங்க பூனைன்னு சொன்னீகளேன்னு விட்டேன்" என்றாள்.

பிசைந்த சோற்றை அப்படியே விட்டேன். கஞ்சி! நூலில் கஞ்சி ஏற்றாமல் தறியில் ஓடாது. தறியிலிருந்து இறங்குகிற துணியில் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும். சலவைக்குப் போய் வந்தால்தான் போகும். பதினைந்து வருஷமாக நான் தினமும் தொண்டை கிழியக் கத்துவதே, இதில் கஞ்சி கூடிப்போச்சு, அதில் கஞ்சி குறைஞ்சுபோச்சு என்றுதான். அப்படிப்பட்ட நான், தறியிலிருந்து நேரே வந்த கோராத் துணியை, ஒரு தடவை தண்ணீரில் அலசக்கூடச் செய்யாமல், நாலு மடிப்பாக என் வாசலுக்கு அடியில் விரித்திருக்கிறேன். இராஜபாளையத்துக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்த மடத்தனம் வாய்க்காது. அவளிடம் சொன்னேன். அவள் கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

மழை வெறித்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். புல்லைச் சுருட்டி மணலை வாரினோம். கஞ்சி கரைந்து, மணலில் இருந்த வண்டலும் சேர்ந்து, துணியின் கண்ணெல்லாம் அடைத்துப் பாலாடை கணக்காகக் கிடந்தது. அங்கங்கே பூஞ்சை வேறு. கொத்தனார் இரண்டு விரலால் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. "அலசியிருக்கலாம் அண்ணாச்சி" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் விடவில்லை. "சலவைக்குப் போன துணியாப் போட்டா?" என்று கேட்டேன். படியில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "உங்க துணி புண்ணுக்குப் போடுறது. மண்ணுக்கு என்ன புண்ணா வந்துருக்கு? ரெண்டு வருசத்துல மக்கிப் போகும், இல்லைன்னா கரையான் திங்கும். அவிய சொல்லுத மாதிரி கல்லையே போடட்டும், நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள். சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

ஜல்லியைக் கழுவிப் போட்டோம், மணலைச் சலித்துக் கழுவிப் போட்டோம். பைப்பைக் குத்திச் சுத்தம் செய்தோம். புல்லை விரிப்பதற்கு முன் அவளே தடியை ஊன்றி எழுந்து வந்து, ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, கேட்டருகில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினோம். மணல் குடித்தது. நாங்கள் மூன்று பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். இன்னொரு குடம், இன்னொரு குடம். ஒன்றும் நடக்கவில்லை. நான் கொத்தனாரிடம் கேட்க வாயெடுத்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. "வந்துருச்சி! தம்பி, வந்துருச்சி!" அக்கா குரலில் அவ்வளவு சந்தோஷம், மகள் பிரசவித்த செய்தி வந்தது போல. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் குடத் தண்ணீர் வேறு, மழை வேறு. அந்த வருஷம் பிறகு பெரிய மழை இல்லை. மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் போயிற்று. வெயிலில் புல் சுட்டது, அவள் தண்ணீர் தெளித்துவிட்டு நடந்தாள். எனக்கு உள்ளுக்குள் உதைப்பாகவே இருந்தது. இந்தத் தடவையும் தவறிப்போனால் அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள், அதைவிட மோசம், இனிமேல் என்னிடம் எதுவும் கேட்கவும் மாட்டாள். மேற்கே மலையில் கறுப்பு தெரிந்தாலே ஓடிப்போய் வடக்கு மூலையைக் குனிந்து பார்ப்பேன்.

அடுத்த ஐப்பசியில் அது வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிடித்த மழை நாலு மணிக்கும் விடவில்லை. தெருவில் கணுக்கால் அளவு ஓடியது. நான் கம்பெனியில் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து படியில் நின்றேன். வாசலில் புல் கிடந்தது, அவ்வளவுதான். மழை விழுந்தது, இறங்கியது, போயிற்று. அடுத்த வீட்டுத் தென்னை மூட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் இங்கே கேட்டது. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஓடிப்போய்த் தூக்குகிறதற்குத் தயாராக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆட்டோ வந்தது. அவள் இறங்கிக் கேட்டைத் திறந்தாள். நான் ஒரு படி இறங்கினேன்.

"வராதீக" என்றாள்.

நின்றுவிட்டேன். அவள் குடையை மடக்கிக் கேட்டில் தொங்கவிட்டாள். குடையைப் பிடிக்க ஒரு கை வேண்டும், அந்தக் கை அவளுக்கு வேண்டியிருந்தது. தடியை ஊன்றினாள். ஒரு எட்டு. நிதானித்தாள். இன்னொரு எட்டு. காலிப்பர் கிளிக் கிளிக் என்கிற சத்தம் அந்த மழையிலும் எனக்குக் கேட்டது. பாதி வாசல் வந்ததும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு படி வரைக்கும் வந்துவிட்டாள். நான் கையை நீட்டினேன்.

அவள் கையைப் பிடிக்கவில்லை, படியும் ஏறவில்லை. திரும்பினாள். திரும்பி, வந்த வழியே கேட்டுக்கு நடந்தாள். எதையோ மறந்துவிட்டாள் என்று நினைத்து, "என்ன வேணும்? நான் எடுத்துட்டு வாரேன்" என்று கத்தினேன். "ஒண்ணும் வேண்டாம்" என்றாள். கேட்டைத் தொட்டாள். திரும்ப வந்தாள். படி வரை வந்து மறுபடியும் போனாள்.

"ஏட்டி, சளி பிடிக்கப் போகுது! பூட்ஸ் தோலு கெட்டுப் போகும்!"

"போனாப் போகட்டும். நாளைக்கு வெயில் அடிக்கும், காயப் போட்டுக்கிடலாம்."

சேலை உடம்போடு ஒட்டி, முடி நெற்றியில் வழிந்து, அவள் மழைக்குள் நடந்துகொண்டே இருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் தன் இஷ்டத்துக்கு மழையில் நனைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நானும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு நடந்த நாட்களில் அது என் தோளுக்குப் பின்னால் இருந்தது. எத்தனையோ மழை, அத்தனை மழையிலும் அந்த முகம் எப்படி இருந்தது என்று நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பதிலேயே இருந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். அவள் நாலாவது தடவையாகக் கேட்டைப் பார்த்து நடந்தாள். நான் எழுந்திருக்கவில்லை.